நீட்ட முடிந்த முழங்கை: மேலடுக்கு மட்டும் பிய்ந்த டிரைசெப்ஸ் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

இது தனி ஒருவரின் கோப்பு இல்லை. இவ்வகைக் காயத்தில் திரும்பத் திரும்பப் பார்க்கிற கூறுகளைப் பாடத்துக்காக ஒரே நோயாளியிடம் சேர்த்து எழுதியது.

நோயாளி 44 வயது ஆண், எடை 78 கிலோ, வலக்கைப் பழக்கம். ஏணியின் மூன்றாம் படியில் கால் வழுக்கி, இடது உள்ளங்கையை ஊன்றி விழுந்தார். ஊன்றிய கணத்தில் முழங்கை பாதி மடங்கியிருந்தது. உடல் எடை அதை மேலும் மடக்கியது. மடங்காமல் காக்க, முழங்கையை நீட்டும் தசையான டிரைசெப்ஸ் இழுத்துப் பிடித்தது. முழங்கையின் பின்னால் “சொடக்”கென்று ஏதோ விட்டது போல் இருந்ததாகச் சொன்னார்.

அன்றே எக்ஸ்ரே எடுத்தார்கள். முறிவு இல்லை என்றார்கள். கையை நீட்டச் சொன்னார்கள், நீட்டினார். தலைக்கு மேல் தூக்கி நீட்டச் சொன்னார்கள், வலியோடு அதையும் செய்தார். “தசை வேலை செய்கிறது, அடிபட்ட வீக்கம்தான்” என்று கைத்தொட்டிலும் வலி மாத்திரையும் கொடுத்து அனுப்பினார்கள். ஒன்பதாம் நாள் திரும்பி வந்தவரின் குறை தெளிவாக இருந்தது. நாற்காலிக் கைப்பிடியை ஊன்றி எழ முடியவில்லை. கனமான கதவை இடக்கையால் தள்ள முடியவில்லை. மேல் தட்டில் பாத்திரத்தை வைக்கப் போனால் கை தளர்ந்து தலைமேல் இறங்குகிறது. ஆனால் கை நீள்கிறது. சும்மா நீட்டினால் முழுதாகவே நீள்கிறது.

முதல் நாள் பரிசோதனை தடுக்கி விழுந்ததும் இந்தக் கடைசி வாக்கியத்தில்தான். முழங்கை நீள்வதற்கும் டிரைசெப்ஸ் முழுதாக இருப்பதற்கும் நாம் நினைக்கிற அளவுக்கு உறவு இல்லை. ஏன் என்பது மேற்கையின் பின்புறத்தை அடுக்கடுக்காகப் பிரித்தால் விளங்கும்.

மேற்கையின் பின்புறம்

மேற்கையின் பின் அறையில் பெரிய தசை ஒன்றே ஒன்றுதான்: டிரைசெப்ஸ், முத்தலைத் தசை. மூன்று தலைகளில் நீள்தலை மட்டும் தோள்பட்டை எலும்பில், தோள் மூட்டுக் குழிக்குச் சற்றுக் கீழே உள்ள முகட்டில் தொடங்குகிறது. ஆகவே அது தோளையும் முழங்கையையும் கடக்கிறது. மற்ற இரண்டும் மேற்கை எலும்பான ஹியூமரஸின் பின்முகத்திலேயே தொடங்குகின்றன. அந்த முகத்தில் மேலிருந்து கீழாகச் சாய்ந்து ஓடுகிற ரேடியல் நரம்புப் பள்ளம்தான் இரண்டுக்கும் எல்லைக் கோடு: பள்ளத்துக்கு மேலே வெளித்தலை, கீழே உள்தலை.

உள்தலை என்ற பெயர் ஆங்கில வழக்கில் குழப்பம் தருவது. அது உட்பக்கம் இருப்பதை விட மற்ற இரண்டுக்கும் அடியில் இருப்பதே அதிகம். தமிழில் “உள்” என்பது உட்பக்கம், அடியில் என்ற இரு பொருளுக்கும் ஒத்து வருவதால் நமக்கு அந்தச் சிக்கல் குறைவு. எலும்பின் கீழ்ப்பாதி முழுக்க, இருபுறத் தசையிடைத் தடுப்புகள் வரை அகலமாகப் படிந்து கிடப்பது உள்தலை. கண்ணாடி முன் கையை முறுக்கினால் லாடம் போலத் தெரிகிற மேடு நீள்தலையும் வெளித்தலையும் சேர்ந்தது. லாடத்தின் நடுவே தட்டையாகத் தெரிவது தசைநாண். உள்தலையின் பெரும்பகுதி அந்தத் தசைநாணுக்கு அடியில் மறைந்திருக்கிறது. முழங்கைக்குச் சற்று மேலே, இரு ஓரங்களிலும் கொஞ்சம் எட்டிப் பார்க்கும், அவ்வளவே.

இந்த நிகழ்வுக்கு முக்கியமான இடம் கீழ்முனை. நீள்தலையும் வெளித்தலையும் தம் இழைகளை ஒரு தடித்த, மேலோட்டமான தசைநாணில் கொண்டுவந்து சேர்க்கின்றன. அது தசையின் நடு உயரத்திலேயே தொடங்கிவிடுகிறது. முன்கையின் சுண்டுவிரல் பக்க எலும்பான அல்னாவின் மேல்முனை ஒலெக்ரனான்; அதில் இந்த நாண் பற்றுகிற இடம் ஏறக்குறைய 2 செ.மீ. அகலம். ஒலெக்ரனானின் நுனியிலேயே பற்றுவதில்லை. நுனியை விட்டுச் சுமார் ஒரு செ.மீ. பின்தள்ளித்தான் பற்றுகிறது. உள்தலையோ இந்தத் தசைநாணின் அடிமுகத்தில் கொஞ்சம் சேர்ந்தாலும், மிச்சத்தைத் தனியாக, பெரும்பாலும் சதையாகவே, மேலடுக்குக்கு முன்னால் ஆழத்தில் எலும்பில் பதிக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே பற்றுதலாகத் தோன்றும். கத்தியால் பிரித்தால் இரண்டு அடுக்கு.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. தசைநாணின் வெளி ஓரத்திலிருந்து ஒரு படலம் விரிந்து, அங்கோனியஸ் தசையைப் போர்த்திக்கொண்டு, முன்கையின் பின்புறத் திசுப்படலத்தோடு கலக்கிறது. ஒலெக்ரனானிலிருந்து தசைநாண் பிய்ந்தாலும், இந்தப் பக்கவிரிவு தப்பித்தால், தசையின் இழுப்பு கொஞ்சம் முன்கைக்குப் போய்ச் சேரும். அங்கோனியஸ் என்பது ஹியூமரஸின் வெளிமுண்டுக்குப் பின்னிருந்து ஒலெக்ரனானின் வெளிப்பக்கமும் அல்னாவின் மேற்பகுதியும் வரை விரியும் சிறு முக்கோணத் தசை. அதன் நீட்டும் பலம் சொற்பம். மூட்டை வெளிப்புறத்தில் நிலைப்படுத்துவதே அதன் பெரிய வேலை. உள்தலையின் மிக ஆழமான சில இழைகள் எலும்பை விட்டு மூட்டுறையின் பின்பகுதியில் பற்றுகின்றன. கை நீளும்போது உறை ஒலெக்ரனானுக்கும் அதன் குழிக்கும் நடுவே நசுங்காமல் மேலே இழுத்துக்கொள்வது இவற்றின் வேலை.

நரம்பு வழங்கலையும் இங்கேயே சொல்லிவிடலாம், பின்னால் பரிசோதனைக்கு வேண்டும். மூன்று தலைகளுக்கும் ரேடியல் நரம்பு. கழுத்துத் தண்டுவடத்திலிருந்து வரும் நரம்பு வேர்களில் முதன்மையானது சி7, கூடவே சி6, சி8. நரம்பு அக்குளிலிருந்து, மேலே டெரெஸ் மேஜர் என்ற தோள்தசை, உட்பக்கம் நீள்தலை, வெளிப்பக்கம் ஹியூமரஸ் என்ற முக்கோண இடைவெளி வழியாக ஆழ் மேற்கைத் தமனியோடு பின் அறைக்குள் நுழைகிறது. நீள்தலைக்கான கிளை அக்குளிலேயே பிரிந்துவிடும். உள்தலைக்குப் போகும் ஒரு கிளையும் மேலேயே பிரிந்து, முழங்கையின் உட்பக்கமாகச் சுண்டுவிரலுக்குப் போகும் அல்னார் நரம்போடு ஒட்டிக் கீழே இறங்கும். பள்ளத்தருகே வெளித்தலைக்கும், மறுபடி உள்தலைக்கும் கிளைகள். இந்தக் கடைசிக் கிளைதான் உள்தலைச் சதைக்குள் புகுந்து கீழே ஓடி அங்கோனியஸில் முடிகிறது. அதனால்தான் ஹியூமரஸின் தண்டு முறிந்து ரேடியல் நரம்பு செயலிழந்தால், மணிக்கட்டு தொங்கிப்போகும். முழங்கையை நீட்டும் பலம் பெரும்பாலும் தப்பும். அக்குளில் ஊன்றுகோல் அழுத்தி நரம்பு நசுங்கினால்தான் டிரைசெப்ஸும் சேர்ந்து தளரும்.

நீட்ட முடிந்ததன் கணக்கு

கை பக்கவாட்டில் தொங்கும் நிலையில் முழங்கையை நீட்டத் தசையே வேண்டாம். மடக்கும் தசையைத் தளர்த்தினால் போதும், முன்கை தன் எடையால் கீழே விழுந்து நேராகிவிடும். நின்றுகொண்டோ உட்கார்ந்துகொண்டோ “கையை நீட்டுங்கள்” என்று சொல்லிப் பார்ப்பது டிரைசெப்ஸைப் பற்றி எதையுமே சொல்லாது.

புவியீர்ப்புக்கு எதிராக, தலைக்கு மேல் நீட்டச் சொன்னால்? அது மேலான சோதனை என்று பலரும் நம்புகிறோம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முன்கையும் கையும் சேர்ந்து உடல் எடையில் சுமார் 2.2 சதவீதம். இவருக்கு அது 1.7 கிலோ. அதன் எடை மையம் முழங்கையிலிருந்து ஏறக்குறைய 17 செ.மீ. தள்ளி இருக்கிறது. முன்கை கிடைமட்டமாக இருக்கும்போது தாங்க வேண்டிய திருப்புவிசை 3 நியூட்டன் மீட்டருக்கும் குறைவு. இவருடைய காயப்படாத வலக்கை முழு பலத்தோடு தள்ளியபோது, மணிக்கட்டருகே, அதாவது முழங்கையிலிருந்து 25 செ.மீ. தூரத்தில், விசைமானி 21 கிலோ காட்டியது. திருப்புவிசையாக 51 நியூட்டன் மீட்டர். ஆகவே தன் முன்கையைத் தூக்கி நீட்ட அவருக்குத் தேவைப்படுவது முழு பலத்தில் பதினேழில் ஒரு பங்கு. உள்தலை மட்டும் எலும்பில் பற்றியிருந்தால் அதற்குத் தாராளமாகப் போதும். பக்கவிரிவு மட்டும் தப்பியிருந்தாலும் சில சமயம் போதும்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். டிரைசெப்ஸின் நெம்புக் கை மிகக் குட்டை, சுமார் 2 செ.மீ. 51 நியூட்டன் மீட்டர் திருப்புவிசைக்குத் தசைநாண் 2,500 நியூட்டனுக்கு மேல், அதாவது ஏறக்குறைய 260 கிலோ எடையளவு இழுக்க வேண்டும். நாற்காலியிலிருந்து ஊன்றி எழுவதும் கதவைத் தள்ளுவதும் இந்தப் பக்கத்தைச் சேர்ந்த வேலைகள். அங்கேதான் மேலடுக்கு இல்லாத குறை தெரியும். நோயாளி சொன்ன குறைகளும் பரிசோதகர் கண்டதும் ஒன்றையொன்று மறுப்பது போலத் தோன்றியதற்கு இதுவே காரணம். இருவரும் சொன்னது உண்மை. அளந்த சுமை வேறு.

ஒன்பதாம் நாள் பரிசோதனை

முழங்கையின் பின்புறமும் உட்பக்கமும் நீலம் பாரித்து, கன்றிய நிறம் முன்கை வரை இறங்கியிருந்தது. வீக்கம் வடிந்திருந்தது, அது நல்லதற்கே. முதல் இரண்டு மூன்று நாட்களில் ரத்தக்கட்டு நிரம்பியிருப்பதால் பள்ளம் கைக்குத் தட்டுப்படாது. இப்போது முழங்கையை 90 பாகை மடக்கி, ஒலெக்ரனான் நுனியிலிருந்து விரலை மேல்நோக்கி நகர்த்தியபோது, கட்டைவிரல் நுனி பதியும் அளவுக்கு ஒரு குழி கிடைத்தது. குழியின் அடி மெத்தென்று இல்லை, ஏதோ ஒன்று இறுக்கமாகத் தடுத்தது. முழுதாக அறுந்திருந்தால் எலும்பின் பின்முகம் வரை விரல் இறங்கும். அடியில் தடுக்கிற அந்தப் பரப்புதான் உள்தலை. அந்த நேரத்தில் அதை யாரும் உறுதியாகச் சொல்ல மாட்டார்கள், ஆனால் குறித்துவைக்க வேண்டிய விஷயம்.

அடுத்தது பிசைவுச் சோதனை. குதிகால் நாணுக்குக் கெண்டைக்காலைப் பிசைவது போலவே இதுவும். நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்து, மேற்கையை மேசையின் விளிம்பில் கிடத்தி, முன்கையைத் தொங்கவிட்டு, டிரைசெப்ஸின் சதையை இரு கையாலும் பிசைய வேண்டும். நாண் முழுதாக இருந்தால் முன்கை சற்றே நீளும். முழுதாக அறுந்திருந்தால் அசையாது. இவருக்கு அசைந்தது, வலப்பக்கத்தை விடக் குறைவாக. இந்தச் சோதனை முழு அறுதலுக்கு மட்டுமே தெளிவாகப் பேசும். பாதி அறுதலில் “அசைகிறதே” என்று நிம்மதியடைந்து விட்டுவிடுவது, முதல் நாள் செய்த பிழையை வேறு உடுப்பில் மறுபடி செய்வதாகும்.

0 முதல் 5 வரையான வழக்கமான தசைபலத் தரவரிசையில் இவருக்கு 4 கிடைத்தது. அந்தத் தரவரிசையில் 4 என்பது ஒரு பெரிய கோணிப்பை. புவியீர்ப்பை மீறிக் கொஞ்சம் எதிர்ப்பைத் தாங்குவதிலிருந்து, இயல்புக்குச் சற்றே குறைவு வரை எல்லாம் அதற்குள் போய்விடும். ஆகவே கையடக்க விசைமானி. படுத்த நிலை, மேற்கை உடலோடு ஒட்டி, முழங்கை 90 பாகை, முன்கை நடுநிலை, மானியின் தட்டு மணிக்கட்டு மடிப்புக்கு மேல். மூன்று முறை அளந்து பெரியதை எடுத்தோம்: வலம் 21 கிலோ, இடம் 9. இடக்கைப் பலம் வலக்கையில் 43 சதவீதம்தான். ஆதிக்கக் கைக்கும் மற்றதற்கும் இயல்பாக உள்ள வித்தியாசம் இவ்வளவு வராது. கருவி இல்லாத இடத்தில், இரு கைகளையும் ஒரே நேரத்தில் ஒரே நிலையில் வைத்து எதிர்த்துப் பிடித்தாலே இந்த அளவு வேறுபாடு கைக்குத் தெரிந்துவிடும். ஒரு பக்கத்தை மட்டும் சோதித்தால் தெரியாது, ஏனென்றால் 9 கிலோ என்பதே பரிசோதகரின் கைக்குக் “கொஞ்சம் பலம்” போலத்தான் இருக்கும்.

நரம்பை விலக்கியாக வேண்டும். மணிக்கட்டை மேல்நோக்கி மடக்குதல், விரல்களை நீட்டுதல் இரண்டும் இயல்பு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் இடையே பின்கையில் உணர்வு இயல்பு. ஆகவே ரேடியல் நரம்பு இல்லை. கழுத்து அசைவில் வலி இல்லை, நடுவிரலில் மரத்துப்போகவில்லை, மணிக்கட்டை உள்நோக்கி மடக்கும் பலம் குறையவில்லை. ஆகவே சி7 வேர் இல்லை. நீட்டச் சொல்லும்போது டிரைசெப்ஸ் திரண்டு கல்லாகிறது. வெளித்தலையின் மேடு வலப்பக்கத்தை விட மேலே குவிகிறது. சதைக்குக் கட்டளை போய்ச் சேர்கிறது, விசைதான் எலும்புக்குப் போகவில்லை. கோளாறு நரம்பில் இல்லை, கயிற்றில்.

அல்னார் நரம்பும் பார்க்கப்பட்டது, இயல்பு. அறுவைக்கு முன் அதன் நிலையை எழுதிவைக்காவிட்டால், பிறகு சுண்டுவிரல் மரத்தால் அது விழுந்தபோது வந்ததா மேசையில் வந்ததா என்பது தீராத விவாதமாகிவிடும்.

வரலாற்றில் ஒன்று விட்டுப்போயிருந்தது. கேட்ட பிறகே சொன்னார்: ஒலெக்ரனான் நீர்ப்பை வீக்கத்துக்கு அதே முழங்கையில் இரண்டு முறை ஸ்டீராய்டு ஊசி, கடைசி ஊசி ஐந்து மாதங்களுக்கு முன். நீர்ப்பை தோலுக்கும் தசைநாணுக்கும் இடையே இருக்கிறது. ஊசி ஒரு மி.மீ. ஆழமாகப் போனாலும் மருந்து நாணுக்குள் இறங்கும். அங்கே கொலாஜன் இழைகள் நலிகின்றன. இந்தத் தசைநாண் ஆரோக்கியமாக இருந்தால் லேசில் பிய்வதில்லை. ஆகவே பிய்ந்த ஒவ்வொருவரிடமும் நலிவின் காரணத்தைத் தேட வேண்டும்: நாட்பட்ட சிறுநீரக நோயும் அதனால் மிகும் பாராதைராய்டு ஹார்மோனும், உடற்கட்டுக்காக எடுக்கும் அனபாலிக் ஸ்டீராய்டுகள், ஃப்ளூரோகுவினலோன் வகை நுண்ணுயிர்க்கொல்லிகள். இரண்டாவதைக் குடும்பத்தினரை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்பது நல்லது. இவருக்குச் சிறுநீரகச் செயல்பாடும் கால்சியமும் இயல்பு.

படங்கள்

முதல் நாள் எக்ஸ்ரேயை மறுபடி விளக்குப் பெட்டியில் வைத்தோம். பக்கவாட்டுப் படத்தில் ஒலெக்ரனானுக்கு 18 மி.மீ. மேலே, மென்திசுவுக்குள் மெல்லிய செதில் ஒன்று, 9 மி.மீ. நீளம். நாண் பிய்ந்தபோது தன்னோடு கொண்டுபோன எலும்புச் சில்லு அது. அறிக்கையில் “பழைய எலும்பு முள்” என்று எழுதப்பட்டிருந்தது. டிரைசெப்ஸ் பற்றும் இடத்தில் எலும்பு முள் வளர்வது சகஜம்தான், அதனால் இந்தத் தவறு நடக்கக்கூடியது. பிரித்தறிய இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். முள்ளுக்கு அடி உண்டு. அதன் வெளிக்கோடு ஒலெக்ரனானின் வெளிக்கோட்டோடு விட்டுப்போகாமல் தொடரும். செதில் எதனோடும் ஒட்டாமல் மிதக்கும். ஒரு விளிம்பு வழவழப்பாகவும் எலும்பைப் பார்த்த விளிம்பு சொரசொரப்பாகவும் இருக்கும். முன்பின் படத்தில் செதில் ஹியூமரஸின் நிழலில் மறைந்துபோகும். பக்கவாட்டுப் படம் சற்றுச் சுழன்றிருந்தாலும் அதே கதை. சுழலாத பக்கவாட்டுப் படம் கிடைக்கும் வரை விடக்கூடாது.

அல்ட்ராசவுண்டில், முழங்கையை 90 பாகை மடக்கி உள்ளங்கையை மேசையில் ஊன்றவைத்து நீளவாக்கில் பார்த்தபோது, மேலடுக்கு பின்வாங்கியிருப்பதும் அதன் முனையில் செதில் தொங்குவதும் தெரிந்தன. கையை லேசாக ஆட்டியபோது ஆழத்திலிருந்த அடுக்கு எலும்போடு சேர்ந்து நகர்ந்தது. அசைவில் பார்க்க முடிவது இந்தக் கருவியின் பெரிய சாதகம்.

எம்.ஆர்.ஐ. அளவைக் கொடுத்தது: மேலடுக்கு முழுவதும் விடுபட்டு 24 மி.மீ. மேலேறியிருக்கிறது, உள்தலையின் பற்றுதல் வீங்கியிருந்தாலும் அறவில்லை, பக்கவிரிவின் உள்பாதி கிழிந்து வெளிப்பாதி தப்பியிருக்கிறது. நாணின் மொத்தத் தடிமனில் ஏறக்குறைய 60 சதவீதம் போய்விட்டது. இந்தப் படத்தை வாசிப்பதிலும் இரண்டு பொறிகள் உண்டு. கையை முழுதாக நீட்டிவைத்து எடுத்தால் நல்ல நாணே தொய்ந்து அலையலையாகத் தெரியும், அறுந்தது போல மயக்கும். பற்றும் இடத்தருகே இழைகளுக்கு நடுவே இயல்பாகவே கொழுப்புக் கோடுகள் உண்டு. அவற்றைக் கிழிசல் என்று எண்ணிவிடக்கூடாது. இவருக்கோ பின்வாங்கிய முனையும் செதிலும் ஒரே இடத்தில் இருந்ததால் ஐயத்துக்கு இடமில்லை.

தைப்பதா, விடுவதா

தடிமனில் பாதிக்குக் குறைவாகக் கிழிந்து, பலம் பெரிதும் குறையாமல் இருந்தால், 30 பாகை மடக்கிய நிலையில் மூன்று நான்கு வாரம் கட்டி, பிறகு மெல்ல அசைக்கவிட்டால் பெரும்பாலும் தேறும். முதுமையில், கையை ஊன்றித் தள்ளும் வேலை குறைந்தவர்களுக்கு முழு அறுதலைக்கூட விட்டுவைக்கலாம், நோயாளி அதைப் புரிந்து ஏற்றால். இவருக்குப் பாதிக்கு மேல் கிழிசல், பலம் பாதிக்கும் கீழே, உடலுழைப்பு உள்ள வேலை. தைப்பதே சரி.

காலம்தான் நெருக்கியது. இரண்டு முதல் மூன்று வாரத்துக்குள் பிய்ந்த முனையை அதன் இடத்துக்கு இழுத்துவர முடியும். ஆறு வாரம் கடந்தால் முனை சுருங்கித் தழும்போடு ஒட்டிவிடும்; பிறகு அங்கோனியஸைத் திருப்பிப் போடுவது, குதிகால் நாண் ஒட்டு வைப்பது என்று பெரிய வேலையாகிவிடும். பதின்மூன்றாம் நாள் அறுவை நடந்தது.

மேசையில்

பக்கவாட்டில் படுக்க வைத்து, மேற்கை மெத்தையிட்ட தாங்கியின் மேல், முன்கை தொங்கும் நிலை. ரத்த ஓட்டத்தை நிறுத்தும் காற்றுப்பட்டையான டூர்னிக்கே போடுவதில் ஒரு நுணுக்கம். அது டிரைசெப்ஸின் சதையையே சுற்றிப் பிடிக்கிறது. தளர்ந்த நிலையில் காற்றை ஏற்றினால் தசை மேலேயே சிறைப்பட்டு, நாணை எவ்வளவு இழுத்தாலும் எலும்புக்கு வராது. நாண் குட்டையாகிவிட்டது என்று தவறாக முடிவெடுக்க வாய்ப்புண்டு. ஆகவே கிருமிநீக்கிய குறுகிய பட்டையை அக்குளை ஒட்டிப் போட வேண்டும். நாண் வர மறுத்தால் முதலில் காற்றை இறக்கிப் பார்க்க வேண்டும். இங்கே காற்றை இறக்கியதும் ஒரு செ.மீ. கூடுதலாக வந்தது.

கீறல் பின்புற நடுக்கோட்டில், ஒலெக்ரனான் நுனியருகே வெளிப்பக்கம் வளைந்து செல்லும். தழும்பு எலும்பின் மேட்டில் விழுந்தால் மேசையில் முழங்கை ஊன்றும்போதெல்லாம் உறுத்தும். உட்பக்கம் வளைத்தால் அல்னார் நரம்பு நெருக்கம். அந்த நரம்பை உள்முண்டுக்குப் பின்னால் கண்டு, தொட்டு உறுதிசெய்து, இடத்தை விட்டு நகர்த்தாமல் காத்தோம். தடித்த நீர்ப்பையை எடுத்தாயிற்று.

ரத்தக்கட்டை வழித்ததும் தெரிந்தது பளபளப்பான, முழுமையான ஒரு பரப்பு. அவசரப்பட்டவர் “நாண் நன்றாக இருக்கிறதே” என்று மூடிவிடக்கூடிய இடம் இது. அது உள்தலையின் பின்முகம். உண்மையான மேலடுக்கு 2.5 செ.மீ. மேலே, தன் மேல் ஒரு மெல்லிய கொழகொழத்த உறையைப் போர்த்திக்கொண்டு சுருண்டிருந்தது. உறையைக் கிழித்தபோது செதில் கையில் இடறியது. முனையில் நலிந்து மஞ்சளித்த 4 மி.மீ. சீவப்பட்டது, அதற்கு மேல் சீவவில்லை. குட்டையாக்கித் தைத்தால் கை மடங்காது.

ஒலெக்ரனானில் நாண் பிய்ந்த இடத்தைத் துடைத்து, புள்ளி புள்ளியாய் ரத்தம் கசியும் வரை லேசாகச் சுரண்டினோம். நாணின் இரு ஓரங்களிலும் கரையாத வலுவான 2-ஆம் எண் நூலால் பூட்டுத் தையல், ஒவ்வொரு பக்கமும் நான்கு கண்ணி, மொத்தம் நான்கு நூல் முனைகள். எலும்பில் 2 மி.மீ. டிரில்லால் இரண்டு துளைகள், பற்றுமிடத்திலிருந்து சாய்வாகக் கீழே சென்று ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து, அல்னாவின் பின்முகத்தில் வெளிவருபவை. டிரில் முன்னோக்கிச் சாய்ந்தால் மூட்டுக்குள் போய்விடும். அதனால் விரல் நுனியை அல்னாவின் முதுகில் வைத்துக்கொண்டே துளைப்பது. ஒரு பக்க நூலில் ஒரு முனை ஒரு துளையிலும் மற்றது மறுதுளையிலும் போகும்படி கோத்தால், நாண் ஒரு கோட்டில் மட்டும் ஒட்டாமல் பரப்பாக அழுந்தும். மேல் விளிம்பை அழுத்திப் பிடிக்கக் கூடுதலாக ஓர் ஆங்கர், அதாவது எலும்பில் பதித்து நூலைப் பிடிக்கும் சிறு ஆணி.

முழங்கை 30 பாகை மடங்கிய நிலையில் நூல் கட்டப்பட்டது. முடிச்சு அல்னாவின் முதுகின் மேல் இருந்தால் தோலுக்கடியில் மிளகு போல உறுத்தும், சில சமயம் தோலைத் துளைத்து வெளியே வரும். ஆகவே வெளிப்பக்கம் தள்ளி, அங்கோனியஸுக்கு அடியில் புதைத்தோம். கிழிந்த பக்கவிரிவையும் தைத்தாயிற்று. மூடுமுன் கையை 90 பாகை வரை மடக்கிப் பார்த்தோம், விலகல் இல்லை. அந்த 90 என்ற எண் தற்செயலானது அல்ல, பயிற்சி அட்டவணைக்கு எல்லை அதுதான். மேசையில் 70 பாகையிலேயே விரிசல் தெரிந்திருந்தால், பயிற்சியாளருக்கும் 70 என்றே எழுதியிருக்க வேண்டும்.

பிறகு

முதல் இரண்டு வாரம் 35 பாகையில் முன்புறம் வைத்த ஸ்லாப், அதாவது ஒரு பக்க மாவுக்கட்டு. பின்புறம் வைத்தால் காயத்தின் மேலேயே அழுந்தும். பிறகு கீல் வைத்த பிரேஸ்: மூன்றாம் வாரம் 60 பாகை வரை மடக்கலாம், நான்காம் வாரம் 75, ஐந்திலும் ஆறிலும் 90. மடக்குவது தன் பலத்தால். நீட்டுவது மட்டும் புவியீர்ப்பால் அல்லது மறுகையின் உதவியால். மடக்கும்போது தசைநாண் இழுபடுவது பிரேஸின் எல்லைக்குள் அடங்கும். முயன்று நீட்டும்போது வரும் இழுப்புக்கு அப்படி எல்லை கிடையாது.

இங்கே மறக்கப்படுவது தோள். நீள்தலை தோளையும் கடப்பதால், முழங்கை மடங்கிய நிலையில் கையைத் தலைக்கு மேல் தூக்கினால் அது இரு முனையிலும் இழுபடும். தலை வாருவதும் சட்டை கழற்றுவதும் அதே அசைவுதான். எட்டு வாரம் வரை முழங்கையைத் தோள் உயரத்துக்கு மேல் கொண்டுபோகக்கூடாது என்று எழுதிக்கொடுக்காவிட்டால், பிரேஸ் சரியாக இருந்தும் தையல் நெகிழும்.

நான்காம் வாரத்தில் இவர் படுக்கையிலிருந்து எழும்போது தூக்கக் கலக்கத்தில் இடக்கையை ஊன்றிவிட்டார். வலி, சிறு வீக்கம். அல்ட்ராசவுண்டில் நாண் இடத்திலேயே இருந்தது, 2 மி.மீ. விலகல் கூட இல்லை. மறு அறுதலுக்குப் பொதுவான வழி பாரம் தூக்குவதல்ல, இப்படி ஊன்றி எழுவதுதான். படுக்கையில் வலப்பக்கம் புரண்டு, வலக்கையால் எழும் முறையை முதல் நாளே செய்துகாட்டிப் பழக்கியிருக்க வேண்டும். வாயால் சொன்னது போதவில்லை.

ஆறு வாரத்துக்குப் பிறகு பிரேஸைக் கழற்றி, எடையில்லாமல் தானே நீட்டும் பயிற்சி. பன்னிரண்டு வாரத்தில் ஒரு கிலோவோடு தொடங்கி, வலி வராமல் 15 முறை செய்ய முடிந்தால் அடுத்த வாரம் அரைக் கிலோ கூட்டல். ஊன்றித் தள்ளும் பயிற்சி முதலில் சுவரில், பிறகு மேசை விளிம்பில், தரையில் ஐந்தாம் மாதத்துக்குப் பிறகே.

ஆறாம் மாத அளவுகள்: நீட்டல் 5 பாகை குறைவு, மடக்கல் 135 பாகை, வலக்கையோடு சமம். அல்னார் நரம்பு இயல்பு. விசைமானியில் வலம் 21, இடம் 18. நீட்டலில் விட்டுப்போன அந்த 5 பாகையை அவர் கவனிக்கவே இல்லை, அளந்தபோதுதான் தெரிந்தது. தலைக்கு மேல் கையைத் தூக்கி நீட்டச் சொன்னபோது, முதல் நாளில் நீட்டியது போலவே நீட்டினார்.